கட்டிலை எடுத்துப் போன நத்தை

அந்தக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி போடாதவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் முதலாளி. பார்வை அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. அழுததில் கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

“கட்டிலை எப்படியாவது கண்டுபிடிச்சுக் கொடுத்துடுங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள.”

“கட்டில் காணாமப் போனா போலீஸுக்குப் போகலாம் சார். தூக்கம் காணாமப் போனா டாக்டர்கிட்ட போகலாம். எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?” என்றாள் ரேடியோ.

அண்ணி அவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ரேடியோ ஒலியைக் குறைத்துக்கொண்டாள்.

துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அண்ணிக்கு அந்த ஒரு பெயர்தான். உதவிக்கு இருப்பது கணவரின் தங்கை. அவள் ஓயாமல் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டதில், வழக்கு கொண்டு வருகிறவர்களிலிருந்து காவல் நிலையத்துக் காவலர்வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அந்த நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க அவள் இடம் கொடுத்தால்தானே!

“காணாமப் போகலை. நானே கொடுத்துட்டேன்,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அண்ணிக்கு அப்போதே லேசாக எரிச்சல் தட்டியது. திருடு போன பொருளைத் தேடலாம். தொலைந்த பொருளைத் தேடலாம். மனதாரக் கொடுத்ததை எந்த முகத்தோடு தேடுவது?

அவர் கைபேசியைத் திறந்து காட்டினார். ‘எடுத்துக்கோங்க’ என்று ஒரு குழு. வீட்டில் வேண்டாத நாற்காலி, பழைய மேஜை, மின்விசிறி, பாத்திரம் எதுவானாலும் படம் பிடித்துப் போட வேண்டியது. தேவைப்பட்டவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. காசு கிடையாது. பெயரும் கிடையாது. ஆளுக்கொரு படம் மட்டும் உண்டு. ஒருவர் பூ, ஒருவர் பூனை, இன்னொருவர் மலை. கட்டிலை வாங்கிக்கொண்டவர் நத்தை.

“நத்தையா?”

“நத்தைப் படம் போட்டவங்க. நான் போட்ட கொஞ்ச நேரத்துலயே வண்டி அனுப்பி எடுத்துக்கிட்டாங்க. மறுநாள் திருப்பிக் கேட்கலாம்னு பார்த்தா, குழுவை விட்டே போயிட்டாங்க.”

“கூட்டுக்குள்ள போயிடுச்சு,” என்றாள் ரேடியோ. “கட்டிலோட.”

“சாதாரணக் கட்டில் இல்ல.” அவர் குரல் இறங்கியது. “குழந்தைக் கட்டில். போன வருஷம் ஆசையா வாங்கினோம். ஆனா குழந்தை ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வரவே இல்ல.”

ரேடியோ நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என் மனைவி தினமும் அந்த மூலையைப் பார்த்துக்கிட்டே நிப்பா. என்னால தாங்க முடியலை மேடம். கண்ணுல படலைன்னா மனசு ஆறும்னு நினைச்சேன். அவ வேலைக்குப் போன நேரமாப் பார்த்துக் கொடுத்துட்டேன்.”

“வந்ததும் என்ன சொன்னீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஒரு நண்பருக்கு இரவல் கொடுத்திருக்கேன்னு சொன்னேன்.”

“எந்த நண்பர்னு கேட்டாங்களா?”

“எதுவுமே கேட்கலை. அன்னியிலேருந்து எங்கிட்ட பேச்சே இல்ல. இன்னிக்குக் காலையில ஒரு பையில துணி எடுத்து வச்சா. ‘சாயங்காலம் கிளம்பறேன்’னு மட்டும் சொன்னா. அவ அண்ணன் வீட்டுக்குத்தான் போவா. போனா திரும்பி வருவாளான்னு எனக்குத் தெரியலை. கட்டில் பழைய இடத்துல இருந்தா நின்னுடுவா.”

“எங்க போறேன்னு நீங்க கேட்டீங்களா?”

“கேட்கத் தைரியம் வரலை.”

“அவங்க என்ன வேலை பார்க்கறாங்க?”

“பஸ் நிலையத்துல அறிவிப்பு சொல்றவங்க. இன்னிக்கு லீவு போட்டிருக்கா.”

“எந்த பஸ் எங்க போகுதுன்னு ஊருக்கே சொல்றவங்க,” என்று ரேடியோ முணுமுணுத்தாள், “தான் எங்க போறோம்னு வீட்டுல சொல்லலை.”

பேசிக்கொண்டிருந்தபோதெல்லாம் அவர் கை மேஜைமேல் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புச் சக்கரம். கண்ணாடிப் பலகைமேல் அது கிறீச்சிட்டுக்கொண்டே போய்ப் போய் வந்தது.

“அது என்ன?” என்றாள் அண்ணி.

“கட்டிலோட சக்கரம். முன்பக்கம் இடது கால்ல இருந்தது. வண்டிக்காரர் மேல வந்ததுமே குனிஞ்சு அதைக் கழட்டி என் கையில கொடுத்தாரு, படியில தட்டி விழுந்துடும்னு. இறக்கற அவசரத்துல திருப்பிக் கொடுக்க மறந்துட்டேன்.” அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “தூக்கிப் போட மனசு வரலை.”

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணி நிமிர்ந்து வானத்தைப் பார்த்து, “ஆண்டவனே, பொறுமையைக் கொடு,” என்றாள். எந்த வழக்கைத் தொடங்கும்போதும் அவள் செய்கிற பிரார்த்தனை அது.

“அவர்கிட்ட ஸ்டாக் இருக்கான்னு முதல்ல கேளுங்க அண்ணி. நீங்க வாங்கினதே போதும், மத்தவங்களுக்கு மிஞ்சியிருக்காது.”

* * *

வீடு கடைக்குப் பின் தெருவில் மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். ஆள் ஏறவே தோளைச் சாய்க்க வேண்டியிருந்தது. திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்வது ரேடியோவின் யோசனை.

கதவைத் திறந்த பெண் மெலிந்திருந்தாள். தூங்கிப் பல நாளான முகம்.

“வாங்க. வாங்க. உட்காருங்க. உட்காருங்க.”

கூடத்து மூலையில் தரை மட்டும் வெளிறியிருந்தது. கட்டில் நின்றிருந்த இடம். அந்த இடத்தை அவள் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். இல்லாத கட்டில்மேல் இடித்துக்கொண்டுவிடுவோமோ என்பதுபோல. கதவோரம் ஒரு துணிப்பை நின்றது, வாய் மூடாமல்.

“எந்தக் கலர் திரை போடலாம்னு பார்க்கறீங்க?” என்றாள் ரேடியோ.

“அளவெடுக்க வந்தவங்க டேப் கொண்டு வரலையா?”

ரேடியோ கைப்பையைத் திறந்து, அதில் இல்லாத டேப்பைத் தேடினாள்.

“அவர் அனுப்பினாரா?” என்று அந்தப் பெண் கேட்டாள். கோபமில்லை. களைப்புத்தான் இருந்தது. “அவருக்கு ஏதாவது சொல்லணும்னா எங்கிட்ட நேரா வந்து சொல்லட்டும். நான் சாயங்காலம் கிளம்பறேன். சாயங்காலம் கிளம்பறேன்.”

கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

படியில் இறங்கும்போது அண்ணியின் செருப்பு வார் அறுந்தது. அவள் அதை இழுத்துக்கொண்டே இறங்கினாள். பின்னால் வந்த ரேடியோ, “கொடுத்தவர் வாயைத் திறக்க மாட்டாரு. இவங்க திறந்த வாயை மூடிட்டாங்க. நத்தை ஓடிப்போச்சு. நம்ம வழக்குல பேசறது நான் ஒருத்திதான்,” என்றாள்.

* * *

‘எடுத்துக்கோங்க’ குழுவை நடத்துகிறவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். உள்ளே பல்லைக் குடையும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி, நடக்கப்போவது தங்களுக்குத்தான் என்பதுபோல ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடினார்கள்.

“யார் எடுத்தாங்கன்னு சொல்ல முடியாதுங்க. எங்க குழுவோட முதல் விதியே அதுதான். கொடுத்தது கொடுத்ததுதான். எங்க போச்சுன்னு கேட்கக் கூடாது. வாங்கினவங்களுக்குச் சங்கடமா இருக்கும் இல்லையா?”

“அவசரம்மா,” என்றாள் அண்ணி.

“எல்லாருக்கும் அவசரம்தான். ஒருத்தர் குக்கரைக் கொடுத்துட்டு, மறுநாள் வந்து விசிலை மட்டும் திருப்பிக் கேட்டாரு. இன்னொருத்தர் சோபாவைக் கொடுத்துட்டு, வாரா வாரம் போய் அதுல உட்கார்ந்துட்டு வந்தாரு. அதனாலதான் விதி.”

“நல்ல விதிதான்,” என்று ரேடியோ பெருமூச்சு விட்டாள். “அண்ணி, வாங்க போகலாம். இங்க பல்லைத்தான் பிடுங்க முடியும்.”

அண்ணிக்கு உள்ளுக்குள் கொதித்தது. மிரட்டிப் பார்க்கலாம்; அவளுக்கு அது தெரியாத வித்தையல்ல. ஆனால் அந்தப் பெண் செய்வதில் என்ன தப்பு? வாங்குகிறவர் தலை குனியாமல் வாங்கட்டும் என்றுதானே இத்தனை பிடிவாதம்? அண்ணி உண்மையையே சொல்லிவிட்டாள். வெறும் மூலை, வராத குழந்தை, வாய் மூடாத பை, சாயங்காலம்.

வரவேற்பாளர் சிறிது நேரம் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு கைபேசியில் எதையோ தேடி எடுத்து, திரை மேலே பார்க்கும்படி மேஜைமேல் வைத்தாள்.

“விதி விதிதான். நான் எதையும் காட்ட மாட்டேன். உள்ள அடுத்த ஆளை அனுப்பிட்டு வரேன், கொஞ்சம் நேரமாகும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

“அண்ணி, இவங்க நல்லவங்களா கெட்டவங்களா?”

“பேசாம படி.”

கட்டில் படத்துக்குக் கீழே கேள்விகள் குவிந்திருந்தன. நீளம் என்ன? மெத்தை உண்டா? பெயிண்ட் உரியுமா? எந்த மாடி? லிஃப்ட் இருக்கா? எங்களுக்கு இரட்டைக் குழந்தை, இதே மாதிரி இன்னொன்னு கிடைக்குமா? வீட்டுக்கே கொண்டு வந்து தருவீங்களா? வேற கலர் இருக்கா?

“சும்மா கொடுக்கற பொருளுக்கு வேற கலராம்!” என்று ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தனை கேள்விக்கும் நடுவில் நத்தை எழுதியிருந்தது ஒரே ஒரு வரி. ‘நான் எடுத்துக்கறேன். வண்டி வரும்.’ அவ்வளவுதான்.

அண்ணி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். செருப்பில் உறுத்தும் சிறு கல் மாதிரி அதில் ஏதோ உறுத்தியது. என்னவென்றுதான் பிடிபடவில்லை. அந்த எரிச்சலில், திரும்பி வந்த வரவேற்பாளருக்கு நன்றி சொல்லக்கூட மறந்து வாசல்வரை போய்விட்டாள். பிறகு திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

* * *

வண்டியைப் பற்றிக் கண்ணாடிக்கடைக்காரர் சொல்லியிருந்த அடையாளம் ஒன்றே ஒன்று: பின்கதவு நீலக் கயிற்றால் கட்டியிருக்கும்.

இரும்புக் கடை எதிரில் சரக்கு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வரிசையாக நின்ற வண்டி ஒவ்வொன்றின் பின்கதவிலும் நீலக் கயிறு தொங்கியது.

“கடைக்காரர் சும்மா தர்ற கயிறு அக்கா,” என்று முதல் வண்டிக்காரர் விளக்கினார். “வேற எது வாங்கப் போனாலும் இதையும் கையில திணிச்சு விடுவாரு.”

“இந்த ஊர்ல எல்லாரும் சும்மா கொடுக்கறதே நம்மளைச் சுத்தல்ல விடறதுக்குத்தான்,” என்றாள் ரேடியோ.

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார்கள். ஒருவர் பீரோ ஏற்றியதை முழுக் கதையாகச் சொன்னார். ஒருவர் கட்டில் என்றதும் தன் இடுப்பு வலியைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். மழை வலுத்தது. அறுந்த செருப்பு சேற்றில் இரண்டு முறை கழன்றது. அண்ணி மறுபடி வானத்தைப் பார்த்தாள்; இந்தத் தடவை பிரார்த்தனை சற்று அதட்டலாகவே இருந்தது.

கடைசி வண்டிக்காரர்தான் ஆள்.

“குழந்தைக் கட்டிலா? அதை ஏன் கேக்கறீங்க! சவாரிக்குக் கூப்பிட்ட அம்மா போன்லயே வகுப்பு எடுத்துட்டாங்க. படி திரும்பற இடத்துல கட்டிலைச் சாய்ச்சுப் பிடிங்க. மேல் சட்டத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க, கையோட வந்துடும். முன்பக்கம் இடது சக்கரம் ஆடும், முதல்ல அதைக் கழட்டிடுங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவை! எனக்கென்ன காது கேக்காதா?”

அண்ணியின் கை குடைப்பிடியில் இறுகியது. “அந்த அம்மாவைப் பார்த்தீங்களா?”

“இல்லக்கா, குரல் மட்டும்தான். ஆனா எனக்கு ரொம்பப் பழகின குரல். எங்க கேட்டேன்னுதான் தெரியலை. எப்பக் கேட்டாலும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டே இருந்த மாதிரி ஒரு ஞாபகம்.”

“உங்க வீட்டம்மாவா இருக்கப் போகுது,” என்றாள் ரேடியோ.

“அவங்க ரெண்டு தடவையோட விட மாட்டாங்கம்மா.”

“எங்க இறக்கினீங்க?” என்று அண்ணி குறுக்கிட்டாள்.

“பக்கத்துலதான். மரப்பட்டறையில.”

அண்ணி நடக்கத் தொடங்கினாள். சேற்றில் விட்ட செருப்பை எடுக்கக்கூட நிற்கவில்லை. ரேடியோ அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். “அண்ணி, பட்டறையில பிரிச்சு விறகாக்கியிருப்பாங்களோ?”

“வாயைக் கழுவு.”

* * *

மரப்பட்டறை முழுக்கச் சீவிய மரத்தின் வாசனை. தச்சர் ஒரு ஸ்டூலின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பழைய வேட்டி போர்த்தி ஏதோ நின்றது. அண்ணி கேட்காமலேயே போய்த் துணியை விலக்கினாள்.

கட்டில். மேல் சட்டம் புதிதாக ஆணி அடித்து இறுக்கப்பட்டிருந்தது. மூன்று கால்களில் சக்கரம். நான்காவது காலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு.

“கிடைச்சிடுச்சு!” ரேடியோ குதித்தாள். “நான் தலைப்பக்கம் பிடிக்கறேன், நீங்க கால்பக்கம் பிடிங்க.”

“எடுக்கக் கூடாதும்மா,” என்று தச்சர் எழுந்து வந்து நின்றார். “ரிப்பேருக்குக் கொடுத்தவங்க சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க கையிலதான் கொடுப்பேன்.”

“ஐயா, சாயங்காலம் ஆனா ஒரு குடும்பமே உடைஞ்சு போயிடும்!”

“இருக்கட்டும்மா. எனக்குச் சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கே.”

ரேடியோவுக்கு அழுகையே வந்துவிட்டது. “பாருங்க அண்ணி! நாள் முழுக்க நல்லவங்களாவே வந்து குறுக்க நிக்கறாங்க. ஒரே ஒரு அயோக்கியன் கிடைச்சிருந்தா மத்தியானமே வழக்கு முடிஞ்சிருக்கும்.”

அண்ணி மரத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலாவது சக்கரம் போடலையா?”

“எங்கிட்டயே ஒண்ணு இருந்துச்சு. போட்டுடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அது வந்து சேரும்னு சொல்லிட்டாங்க.”

“ரெண்டு தடவை சொன்னாங்களா?”

தச்சர் வியப்போடு நிமிர்ந்தார். “ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அண்ணி பக்கத்தில் கிடந்த பலகையில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து கட்டியிருந்த எரிச்சல் மூச்சோடு வெளியே போனது. கைபேசியை எடுத்து, “சார், உங்க சட்டைப் பையில இருக்கற சக்கரத்தை எடுத்துக்கிட்டு மரப்பட்டறைக்கு வாங்க. உடனே வாங்க,” என்றாள்.

“என்ன நடக்குது இங்க?” என்றாள் ரேடியோ. “எனக்கும் சொல்லிட்டு நடந்தா நல்லா இருக்கும்.”

“நத்தை ஒரு கேள்வியும் கேட்கலை, கவனிச்சியா? சும்மா கிடைச்சாலும் எல்லாரும் கேட்டாங்க. நீளம் கேட்டாங்க, மெத்தை கேட்டாங்க, எந்த மாடின்னு கேட்டாங்க. ஒரு பொருளைப் பத்தி எதுவுமே கேட்காம எடுத்துக்கறவங்க யாரு?”

“சோம்பேறி.”

“அதைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவங்க. சக்கரம் ஆடறது படத்துல தெரியாது. படியில எங்க சாய்க்கணும்னு, அந்தக் கட்டிலை ஒரு தடவையாவது அந்தப் படியில ஏத்தினவங்களுக்குத்தான் தெரியும். அதுவும் எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்ற ஆள். மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடும்போதெல்லாம் வண்டிக்காரர் காதுல விழுந்த குரல்.”

ரேடியோவின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. “பஸ் நிலையம்!”

வாசலில் ஒரு நிழல் விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி நின்றிருந்தாள். தோளில் அதே துணிப்பை. அவள் அவர்கள் இருவரையும் பார்த்தாள், துணி விலகியிருந்த கட்டிலைப் பார்த்தாள், உள்ளே வந்து அதன் சட்டத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“மத்தியான அறிவிப்பு முடிச்சுட்டுப் போனைப் பார்த்தேன்,” என்றாள் மெதுவாக. “எங்க வீட்டு மூலை. எங்க வீட்டுக் கட்டில். எடுத்துக்கோங்கன்னு போட்டிருந்தது. நான் அந்தக் குழுவுல இருக்கறது அவருக்குத் தெரியாது. அவர் இருக்கறது எனக்கும் அன்னிக்குத்தான் தெரிஞ்சது. கேள்விமேல கேள்வியா வந்துக்கிட்டே இருந்துச்சு. யாரோ ஒருத்தர் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயமாப் போச்சு. நானே எடுத்துக்கிட்டேன். நானே எடுத்துக்கிட்டேன்.”

“அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா,” என்றாள் அண்ணி.

“அவர் சொல்லட்டும்னு காத்திருந்தேன். சக்கரம் அவர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. துவைக்கும்போது கையில பட்டுச்சு. மறுபடி அதே பையில போட்டேன். அடுத்த சட்டைக்கும் அது மாறிடுச்சு. அவருக்கும் வலிக்குதுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கறாரே!”

ஓடி வந்த கால்கள் வாசலில் வழுக்கி நின்றன. கண்ணாடிக்கடைக்காரர் நனைந்திருந்தார். மனைவியைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

“இங்க எப்படி...”

“கட்டிலை இரவல் வாங்கின நண்பர் பேர் என்ன?” என்று கேட்டாள் அவர் மனைவி.

மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

அவர் சட்டைப் பையிலிருந்து சக்கரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை உலுக்க வேண்டும்போல அண்ணிக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள். சில கதவுகளை உள்ளேயிருப்பவர்தான் திறக்க வேண்டும்.

“நண்பர் யாரும் இல்ல,” என்றார். “நான்தான் கொடுத்தேன். உன்கிட்ட கேட்காமக் கொடுத்துட்டேன். அந்த மூலையை என்னாலயும் பார்க்க முடியலை. உனக்காகன்னு சொல்லிக்கிட்டேன். எனக்காகவும்தான்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்த வார்த்தைக்குத்தான் இத்தனை நாளும்.”

“கட்டிலை வீட்டுக்கே கொண்டு போயிடலாம். இருந்த இடத்துலயே வச்சிடலாம். நீ உங்கண்ணன் வீட்டுக்குப் போகாதே.”

“அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு யார் சொன்னாங்க?”

அவர் விழித்தார். அவள் பையைக் கீழே வைத்துத் திறந்தாள். மேலே சின்னஞ்சிறு சட்டைகள், குல்லாய், மடித்த மெத்தை விரிப்பு. ஒன்றும் பிரிக்கப்படாமல், வாங்கியது வாங்கியபடி.

“ஆஸ்பத்திரியில தரை துடைக்கற அக்கா ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நீங்க டாக்டரைத் தேடி ஓடிக்கிட்டிருந்தீங்க. துடைப்பத்தை ஓரமா வச்சுட்டு என் பக்கத்துல உட்கார்ந்தவங்க, நீங்க வர்ற வரைக்கும் என் கையை விடலை. அவங்க மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. அட்டைப்பெட்டியில துணி விரிச்சுப் படுக்க வச்சிருக்காங்களாம். கட்டிலை வச்சுக்கணும்னு எனக்கும் இல்லங்க. கொடுக்கறதா இருந்தா நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து கொடுக்கணும். யார் கையில போகுதுன்னு பார்த்துக் கொடுக்கணும்.”

அவர் பைக்குள் கைவிட்டுச் சின்னச் சட்டைகளைத் தொட்டார். அவற்றுக்கு அடியில் வேறு துணி தட்டுப்பட்டது. அவளுடைய புடவைகள்.

“இது?”

“மேல் பாதி குழந்தைக்கு. கீழ்ப் பாதி எனக்கு.” அவள் ஒரு புடவையின் ஓரத்தை மடித்துவிட்டாள். “இன்னிக்குச் சாயங்காலம் எந்தப் பாதி தேவைப்படும்னு எனக்கே தெரியலை.”

அவர் புடவைகளை எடுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் ரேடியோவின் கையில் கொடுத்தார்.

“வீட்டுல கொண்டு போய் வச்சிடறேன் சார்,” என்றாள் ரேடியோ, மூக்கை உறிஞ்சியபடி. “திரைச்சீலைக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கும்.”

அந்தப் பெண் சிரித்தாள். அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு, என்றாலும் சிரிப்புத்தான்.

கண்ணாடிக்கடைக்காரர் மண்டியிட்டார். மரத்துண்டை உருவிவிட்டு, நான்காவது காலில் சக்கரத்தைச் செருகித் திருகினார். தச்சர் குனிந்து பார்த்து, இன்னும் ஒரு சுற்று என்றார். கட்டில் நாலு காலும் தரையில் பதிய நின்றது.

நீலக் கயிறு கட்டிய வண்டி வாசலில் வந்து நின்றது. அண்ணி சொல்லியனுப்பியிருந்தாள். வண்டிக்காரர் இறங்கி வந்தார். அந்தப் பெண் வணக்கம் என்றதும் நெற்றியில் அறைந்துகொண்டார்.

“அட, பஸ்ஸைத் தவறவிடாமக் காப்பாத்தற குரலா!”

“அண்ணி,” என்று ரேடியோ காதோடு சொன்னாள், “காலையில ஆண்டவன்கிட்ட பொறுமை கேட்டீங்களே, கிடைச்சுதா?”

“எங்க கிடைச்சது? அதைத்தவிர மத்ததெல்லாம் கொடுத்தாரு.”

கணவர் தலைப்பக்கம் பிடித்தார். மனைவி கால்பக்கம் பிடித்தாள். வண்டிக்காரர் உதவிக்கு வந்தபோது இருவரும் சேர்ந்தே தலையாட்டி மறுத்தார்கள். பட்டறை வாசல் குறுகல்.

“இடது பக்கம் கொஞ்சம் சாய்ங்க,” என்றாள் அவள்.

அவர் சாய்த்தார்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.